பெரியவர் விட்டுப்போன நிழல்

செந்தேரிவிளையில் பெரியவர் தம் நிழலை விட்டுவிட்டுப் போன வருஷம் என்றுதான் அந்த ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். மற்ற ஊர்களில் புயலை வைத்தும் வெள்ளத்தை வைத்தும் பிள்ளைகளின் வயசைச் சொல்வதுபோல, இங்கே அந்த நிழலுக்கு முந்திப் பிறந்ததா பிந்திப் பிறந்ததா என்று கேட்டுத்தான் சொல்வார்கள். நிழலை எப்படி ஒருவர் விட்டுவிட்டுப் போக முடியும் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு இறங்குவதில்லையா என்று திருப்பிக் கேட்பார்கள், அதற்குமேல் அந்தப் பேச்சை வளர்க்கமாட்டார்கள்.

ஊர் சின்னது. சிவந்த தேரி மணலுக்கும் கடற்கரைச் சாலைக்கும் நடுவே கிழக்கில் கத்தோலிக்கர்களின் அந்தோனியார் கோயில், வடக்கில் சி.எஸ்.ஐ. சபையாரின் ஆலயம், மேற்கில் பெந்தெகொஸ்தே ஜெபவீடு என்று மூன்று இருந்தன. மூன்றிலும் ஒரே ஆண்டவரைத்தான் கும்பிட்டார்கள், ஆனால் மூன்று ஒலிபெருக்கியில். ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்; ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போவார்கள், மொய் செய்வார்கள், பந்தியில் உட்கார்ந்து ஒரு பிடி பிடிப்பார்கள், ஆனால் அடுத்த சபைக்காரர் ஜெபம் தொடங்கிவிட்டால் மட்டும் கை கழுவ எழுந்து போய்விடுவார்கள்.

மூன்றுக்கும் நடுவில் இருந்தது வியாகுலத்தின் மாவு மில். வியாகுலம் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, சி.எஸ்.ஐ. ஆசீரைக் கட்டிக்கொண்டு அந்தச் சபைக்குப் போனவள். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், ஒரு காலத்தில் அந்தோனியார் கோயிலில் பூசைக்கு உதவின சவரிமுத்து, மனம் மாறி முழுக்கெடுத்து எலியேசர் என்று பேரை மாற்றிக்கொண்டு ஜெபவீட்டுக்கே பாஸ்டராகிவிட்டவர். ஆக மூன்று சபையும் அவள் ஒருத்தி வீட்டுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்ள வசதியாக இருந்தது.

சண்டை வந்தது அவர்கள் அம்மா செத்த அன்றைக்கு. அம்மாவுக்கு அந்தோனியார் கோயிலில் பூசை நடந்தபோது, சிலை இருக்கிற இடத்துக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று எலியேசர் கோயில் வாசலுக்கு வெளியே சாலையிலேயே நின்றுகொண்டார். பெட்டி வெளியே வந்ததும் வியாகுலம் ஊர் முன்னால், "எனக்கு அண்ணன்னு ஒருத்தரு இல்ல, இன்னையோட முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டாள். அன்று நின்றது பேச்சு. மில்லுக்கும் ஜெபவீட்டுக்கும் இடையில் கூப்பிடு தூரம்தான், ஆனால் கூப்பிடத்தான் ஆளில்லை. மகள் பெனிட்டாவுக்கு வரன் பார்க்கத் தொடங்கினபோதுதான் வியாகுலத்துக்கு நெஞ்சில் முள் தைத்தது, ஏனென்றால் அந்த ஊர் வழக்கப்படி, எந்தச் சபைக் கல்யாணமானாலும் சரி, பெண்ணின் கையைப் பிடித்து வீட்டிலிருந்து இறக்கிக் கூட்டிப் போவது தாய்மாமன்தான். தாய்மாமன் இல்லாத பெண் என்று பெனிட்டாவை நாலு பேர் பார்ப்பதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதை ஆசீரிடம்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை, அத்தனை வீம்பு.

இந்த நிலையில்தான் பெரியவர் வந்தார். எங்கேயோ பனி பெய்கிற தேசத்தில், மிகப் பழைய கிழக்குச் சபை ஒன்றின் தலைவர் அவர். எல்லாச் சபைகளும் ஒற்றுமையாக இருக்கவேண்டும் என்று நல்லெண்ணப் பயணமாக ஊர் ஊராக வந்துகொண்டிருந்தவர், மூன்று சபையும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நிற்கிற ஊர் ஒன்று உண்டாமே என்று கேள்விப்பட்டு, பார்க்கவேண்டும் என்றாராம். உடனே ஊர் இரண்டுபட்டது, அதாவது மூன்றுபட்டது. அவரை ஆண்டகை என்பதா பேராயர் என்பதா ஐயா என்பதா என்று முதல் தகராறு. ஒத்துவராமல் போய், பெரியவர் என்று பொதுவாகச் சொல்லித் தொலைப்போம் என்று முடித்தார்கள். எந்தக் கோயிலில் முதலில் கால் வைப்பார் என்று அடுத்த தகராறு. அந்தோனியார் கோயில் இருதயராஜ் சாமியார் தங்களுடையதுதான் பழசு என்றார், சி.எஸ்.ஐ. போதகர் ஞானதுரை ஐயர் தங்களுடையதுதான் பெரிசு என்றார், பாஸ்டர் எலியேசர் தங்களுடையதில்தான் ஆவியானவர் இருக்கிறார் என்றார். கடைசியில் கொத்தனாரைக் கூப்பிட்டு, மூன்று வாசலிலிருந்தும் கயிறு பிடித்து அளந்து, மூன்றுக்கும் சமதூரத்தில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கேதான் பெரியவர் நிற்கவேண்டும், எந்தக் கோயிலுக்குள்ளும் போகக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. அந்த இடம் வியாகுலத்தின் மில் முற்றத்தில் விழுந்தது.

பெரியவர் வந்தார். கறுப்பு அங்கி, கறுப்பு முக்காடு, இடுப்புவரை வெள்ளைத் தாடி, கையில் கோல். வெயில் சாயத் தொடங்கின நேரம், ஆனாலும் தேரிக்காட்டு வெயில் சாய்ந்தாலும் வெயில்தான். யாருடைய வரவேற்புரை முதலில் என்று தீராததால் மூவரும் ஒரே நேரத்தில் மூன்று ஒலிபெருக்கியில் வாசித்தார்கள்; ஒருவர் முடித்தால் தோற்றுப்போவார் என்பதால் மூவருமே முடிக்கவில்லை, எழுதி வைத்திருந்தது தீர்ந்த பிறகும் மனசிலிருந்து பேசினார்கள். பெரியவர் ஒரு கையை ஆசீர்வாதமாக உயர்த்தியபடி, சிரித்த முகம் மாறாமல், அந்தச் சிவந்த மண்ணில் நின்றுகொண்டே இருந்தார், நின்றுகொண்டே இருந்தார், நிழல் மண்ணில் ஒட்டிக்கொள்கிறவரைக்கும் நின்றுகொண்டே இருந்தார். வியாகுலம் ஒரு செம்பு நீர்மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, அவள் தலைமேல் கை வைத்துவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார். நிழல் போகவில்லை.

முதலில் கண்டுகொண்டவை ஆடுகள். மறுநாள் காலையில் வியாகுலம் மில்லைத் திறந்தபோது, ஊர் ஆடெல்லாம் முற்றத்தில் ஓர் ஆள் வடிவில் படுத்துக் கிடந்தன: முக்காடு போட்ட தலை, உயர்த்தின கை, நீண்ட அங்கி, கோல். ஆடுகளை ஓட்டிவிட்டுப் பார்த்தாள். மற்ற நிழலெல்லாம் மேற்கே சாய்ந்து கிடக்க, இது மட்டும் நேற்றைய வெயிலுக்கு விழுந்தபடியே கிழக்கே நீண்டு கிடந்தது. காலை வைத்துப் பார்த்தாள், பானைத் தண்ணீர்போலக் குளுகுளு என்றிருந்தது. "மறந்துட்டுப் போயிட்டாவ போல, பாவம்" என்று சொல்லிவிட்டு, வந்த மிளகாயை அரைக்கப் போனாள்.

ஊர் கூடிற்று. ஆச்சரியப்பட அதிக நேரம் செலவழிக்கவில்லை, ஏனென்றால் அதைவிட முக்கியமாக அது யாருக்குச் சொந்தம் என்று பார்க்கவேண்டியிருந்தது. தலை கிழக்கே அந்தோனியார் கோயிலைப் பார்த்து விழுந்திருப்பதால் நிழல் கத்தோலிக்கர்களுடையது என்றார் இருதயராஜ் சாமியார். ஆசீர்வதிக்கிற கை வடக்கே தங்கள் ஆலயத்தைக் காட்டுவதால் தங்களுடையது என்றார் ஞானதுரை ஐயர். தலையால் என்ன பிரயோசனம், ஆசீர்வாதம் கையால்தானே. கால் இருப்பது மேற்கே தங்கள் பக்கம் என்று பெந்தெகொஸ்தேக்காரர்களும் சொல்லியிருப்பார்கள், ஆனால் பாஸ்டர் எலியேசர் அதைப் பிசாசு என்று முடிவு செய்துவிட்டார். வேதாகமத்தோடு வந்து, வெயிலில் நின்று, போ என்று கட்டளையிட்டார். நிழல் அசையவில்லை. மத்தியானம்வரை கட்டளையிட்டார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டின பிறகு அவர் மனைவி எஸ்தர், "வெரட்டுததை உள்ள நின்னுக்கிட்டே வெரட்டலாம்லா" என்று கையைப் பிடித்து நிழலுக்குள் இழுத்தாள். உள்ளே வந்து நின்றவருக்குக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிற்று, பிறகு உட்கார்ந்தார், பிறகு வேதத்தில் நிழலைப் பற்றி நல்லதாக எத்தனையோ வசனம் இருக்கிறது என்று அவருக்கு ஞாபகம் வந்தது. நிழல் ஆண்டவருடையதுதான், ஆள்தான் வேறு சபை என்று அன்று சாயங்காலம் தீர்ப்புச் சொன்னார்.

அதன்பிறகு அந்தக் கோடை முழுக்க ஊர் அந்த நிழலில் குடியிருந்தது. மாவரைக்க வந்தவர்கள் போகவில்லை. தொட்டில் கட்ட மரமில்லாவிட்டாலும் கைக்குழந்தைகளைப் பாயில் போட்டுத் தாடிப் பக்கம் படுக்கவைத்தார்கள். டவுன் பஸ் டிரைவர் பஸ்ஸின் முன்பாதியை முக்காட்டுக்குள் நிறுத்திவிட்டு டீ குடித்தார். ஞானதுரை ஐயர் வீட்டு ஐயரம்மா அங்கே வைத்த கூழ்வற்றல் மட்டும் கடைசிவரை காயவே இல்லை. இடம் போதாது, அதனால் நெருக்கித்தான் உட்காரவேண்டியிருந்தது. கத்தோலிக்கர் மடியில் சி.எஸ்.ஐ. பிள்ளையும், சி.எஸ்.ஐ. தோளில் பெந்தெகொஸ்தேக்காரர் தூக்கமுமாக இருந்தது. ஜெபம் தொடங்கினால் எழுந்து போகலாம் என்றாலோ வெளியே மண் கொதித்தது, ஆகவே அடுத்தவர் ஜெபத்தையும் உட்கார்ந்து கேட்கவேண்டியதாயிற்று. ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைச் சேர்ந்தே சொல்லிப் பார்த்தார்கள். கத்தோலிக்கர்கள் முதலில் முடித்துவிட்டு, மற்றவர்கள் தங்கள் ஜெபத்தில் மட்டும் இருக்கிற கடைசி வரியையும் சொல்லி முடிக்கிறவரை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளாக ஆக அவர்களும் அந்த வரியை முணுமுணுக்கத் தொடங்கினார்கள், சாமியார் கேட்காத சத்தத்தில்.

வியாகுலமும் எலியேசரும் அந்த நிழலில்தான் பலகாலத்துக்குப் பிறகு கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்தார்கள். முதலில் முதுகுக்கு முதுகு. பிறகு பக்கவாட்டில், நடுவே எஸ்தரை வைத்துக்கொண்டு. பேச்சும் வந்தது, ஆனால் எஸ்தர் வழியாகத்தான் வந்தது.

"அவளுக்குச் சர்க்கரை கூடியிருக்காம்லா, மாத்திரை திங்காளான்னு கேளு" என்பார் எலியேசர்.

"மாத்திரை திங்கீங்களான்னு கேக்குதாவ" என்பாள் எஸ்தர், இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும் என்பது தெரிந்தும்.

"திங்கேன்னு சொல்லுங்க மதினி. அவிய இருமலுக்கு யாரையாவது பாத்தாவளாமா?"

"பாத்தீங்களாங்காவ."

எஸ்தருக்கு அலுப்பாக இருக்கும். ஆனாலும் இந்த அளவுக்காவது வந்ததே என்று நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சுமந்தாள்.

அந்தச் சமயம் பெனிட்டாவுக்கு வரன் அமைந்தது. பையன் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கன். எங்கே தாலி கட்டுவது என்று அவர்கள் வீட்டிலும் ஆசீர் வீட்டிலும் இழுபறி நடந்துகொண்டிருக்க, ஒருநாள் எலியேசர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு எஸ்தரிடம் சொன்னார்: "அவகிட்ட சொல்லு. கோயில்ல நடந்தா நான் வரமாட்டேன். இந்த நெழல்ல நடந்தா, புள்ளைய கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாரேன். நெழல்ல செலை ஒண்ணும் இல்லல்லா."

எஸ்தர் திரும்பிச் சொல்வதற்குள் வியாகுலம் மில்லுக்குள் ஓடிப்போய், மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் வாய்விட்டு அழுதாள். அரைக்க ஒன்றும் இல்லாமல் மில் ஓடிக்கொண்டிருந்தது.

நிழலிலேயே கல்யாணம் என்று முடிவாயிற்று. கோயிலுக்கு வெளியே தாலி கட்டுவதென்றால் மேலே கேட்கவேண்டும் என்று இருதயராஜ் சாமியார் இழுத்தார், கேட்டார், எப்படியோ அனுமதி வாங்கினார். இதற்கிடையில்தான் பெரியவரின் ஆள் ஒருவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்தார். பெரியவர் ஊர் போய்ச் சேர்ந்ததிலிருந்து அவருக்கு அசதியே தீரவில்லையாம். நிழல் இல்லாதவருக்கு எங்கே உட்கார்ந்தாலும் வெயிலில் உட்கார்ந்ததுபோலத்தான் இருக்குமாம், கண் அயர்வதே இல்லையாம். தயவுசெய்து அனுப்பித்தர முடியுமா என்று கேட்டார். அப்போதுதான் செந்தேரிவிளையில் அந்த ஒற்றுமை வந்தது. சாமியாரும் ஐயரும் பாஸ்டரும் ஒரே குரலில், ஒரு வார்த்தை முன்பின் இல்லாமல், முடியாது என்றார்கள். ஒற்றுமைக்காகத்தானே வந்தார், ஒற்றுமைக்கு இது வேண்டியிருக்கிறது என்றார்கள். வந்தவர் திரும்பிப் போனார். வியாகுலமும் கூட்டத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். கல்யாணம்வரைக்குமாவது இருக்கட்டுமே என்று அவள் வேண்டிக்கொண்டாள், அம்மா கொடுத்த ஜெபமாலையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தபடியே உருட்டி.

கல்யாணத்தன்று காலை நிழல் முழுக்க ஜமுக்காளம் விரித்து, தலைமாட்டில் மேசை போட்டு, பூ வைத்து, ஊர் இரண்டு பக்கமும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் எலியேசர் வந்து வியாகுலம் வீட்டு வாசலில் நின்றார். பெனிட்டாவின் கையைப் பிடித்தார். படியிறங்கினார்கள். அப்போது சாலையில் ஒரு கார் வந்து நின்றது.

பெரியவர் இறங்கினார். கேட்டு அனுப்பினால் தரமாட்டார்கள் என்று தெரிந்ததும் தாமே புறப்பட்டு வந்துவிட்டார். ஆள் பாதியாகியிருந்தார். வெயிலில் அவர் நின்றார், அவர் காலடியில் ஒன்றும் விழவில்லை. காருக்கு நிழல் இருந்தது, டிரைவருக்கு இருந்தது, அங்கே மேய்ந்துகொண்டிருந்த கோழிக்கும் இருந்தது, அவருக்கு மட்டும் இல்லை. அதுவரை நிழலை நினைத்தார்களே தவிர, நிழல் இல்லாத மனுஷனை ஒருவரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

அவர் மணப்பெண்ணைப் பார்த்தார், ஜமுக்காளத்தைப் பார்த்தார், விஷயம் புரிந்து சிரித்தார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "முதலில் கல்யாணம் நடக்கட்டும் என்கிறார். தாம் ஓரமாக நிற்பதாகச் சொல்கிறார்." பெரியவர் வெயிலில் ஓர் ஓரமாகப் போய்க் கோலை ஊன்றி நின்றுகொண்டார்.

வியாகுலம் பார்த்துக்கொண்டே நின்றாள். அண்ணன் கையில் மகள் கை; இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் போதும், இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்த முள் உருவி விழுந்துவிடும். அங்கேயோ ஒரு கிழவர், அவர் பொருளில் இவர்கள் உட்கார்ந்திருக்க, வெயிலில் நின்று காத்துக்கொண்டிருக்கிறார். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அண்ணனைப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு மாறிவிடும் என்று பயந்தாள்.

"எந்திரிங்க எல்லாரும்" என்றாள். "ஜமுக்காளத்தைச் சுருட்டுங்க. அடுத்தவிய நெழல புடிச்சு வச்சுக்கிட்டு என் மவளுக்குத் தாலி ஏற வேண்டாம்."

சாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார், ஐயர் தொண்டையைக் கனைத்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை, குனிந்து ஜமுக்காளத்தின் முனையைப் பிடித்துத் தானே சுருட்டத் தொடங்கினாள். ஊர் எழுந்தது. பெரியவர் வந்து, நிழலின் காலடியில், செருப்பை மாட்டுகிறவர்போல ஒரு காலையும் மறு காலையும் பொருத்தி நின்றார். நிழல் ஒருதரம் சிலிர்த்தது, பிறகு சாவகாசமாகத் திரும்பி, அந்நேரத்து வெயில் சொன்ன பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. பெரியவர் மூச்சு விட்டார். மில்லின் தகரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். உட்கார்ந்ததும் உறங்கிவிட்டார், இத்தனை மாதத்து உறக்கத்தையும் சேர்த்து. ஆகவே இந்தத் தடவையும் அவர் எந்தக் கோயிலுக்குள்ளும் போகவில்லை என்று பிற்பாடு மூன்று சபையாரும் திருப்தியாகச் சொல்லிக்கொண்டார்கள்.

முற்றம் கொதித்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கோயில் தொறந்துதான் இருக்கு" என்றார் இருதயராஜ் சாமியார், யாரையும் பார்க்காமல். ஊர் முழுக்க எலியேசரைப் பார்த்தது. அவர் பெனிட்டாவின் கையை விடவுமில்லை, நகரவுமில்லை. எஸ்தர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். சுமந்து போக யாரும் அவளுக்கு ஒரு வார்த்தையும் கொடுக்கவில்லை. வியாகுலம் சுருட்டின ஜமுக்காளத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். போய்விடுவார், இப்போது கையை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

எலியேசர் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு பெனிட்டாவின் முகத்தைப் பார்த்தார்; பவுடரெல்லாம் வேர்வையில் கோடுகோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"வெயில் ஏறுதுல்லா" என்றார் பொதுவாக. "புள்ள கறுத்துப் போவா."

கிழக்கே நடந்தார். ஊர் பின்னால் நடந்தது, மூன்று சபையும் கலந்து, யார் முன்னே யார் பின்னே என்ற கணக்கில்லாமல். அந்தோனியார் கோயில் வாசலில், அம்மாவின் பெட்டி வெளியே வருகிறவரைக்கும் தாம் நின்ற அதே இடத்தில், எலியேசர் நின்றார்.

"நான் கண்ண மூடிக்கிடுதேன்" என்றார் பெனிட்டாவிடம். "செலையப் பாத்தாத்தான வம்பு. நீ கூட்டிட்டுப் போ."

இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டார், சின்னப் பிள்ளைகள் மருந்துக்கு மூடுவதுபோல. கூட்டிப் போக வந்த தாய்மாமனை மணப்பெண் கூட்டிக்கொண்டு நடந்தாள். வாசலைத் தாண்டினார்கள். முற்றத்தைத் தாண்டினார்கள். பெனிட்டாவுக்குச் சேலை காலைத் தடுக்கிற கவலை, அவள் கீழே பார்த்து நடந்தாளே தவிர மாமனைப் பார்க்கவில்லை. எஸ்தர் எங்கேயோ கூட்டத்தில் பின்னால் மாட்டிக்கொண்டாள். எலியேசரின் கால் படிக்கட்டுக்கு நேரே போய்க்கொண்டிருந்தது. ஒட்டினாற்போல் பின்னால் வந்த வியாகுலத்துக்குச் சொல்லியனுப்ப ஆளில்லை, யோசிக்க நேரமில்லை, வாய் அதுவாகத் திறந்துகொண்டது.

"அண்ணே, படி இருக்கு. பாத்து."

எலியேசர் நின்றார். கண்ணைத் திறக்கவில்லை. மூடின இமைக்கு அடியில் தண்ணீர் கசிந்து கன்னத்தில் இறங்கிற்று.

"தெரியும்ட்டீ" என்றார். "நம்ம கோயில்தான."